கேட்கும் கடமை

மக்களாட்சி நடைபெறும் நாடுகளில் சட்டமன்ற உறுப்பினருக்கு உரிய பணிகள் மூன்று. சட்டம் இயற்றுதல் ஒன்று. அரசின் செலவுக்குப் பொருள் ஒதுக்குதல் மற்றொன்று. ஒதுக்கிய பொருள் எவ்வாறு செலவிடப்பட்டது என்று வினவுதல் மூன்றாவது. முன்னைய இரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவதாகிய வினவுதலோ பலராலும் மறக்கப்படுவது.

அரசின் பொருளைக் கொண்டு உள்நாட்டில் ஒரு பாலம் கட்டப்பட்டால், அஃது உறுதியாக அமைந்துள்ளதா என்று உறுப்பினர் நேரிற் சென்று காணலாம். அதே பொருள் கடல் கடந்து சென்று, பிறிதொரு நாட்டுப் படைவீரனின் கையில் துப்பாக்கியாக மாறினால், அத்துப்பாக்கி யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று வினவும் கடமை அவருக்கு உண்டா? பிற நாட்டில் நிகழும் கொடுமையை ஆராய அவருக்கு உரிமை ஏது? இவ்வினாக்களுக்குச் சொல்லாலன்றிச் செயலால் விடை கூறியவர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினராக விளங்கிய ஜோ மோக்லி என்பவர்.

போரால் நலிந்த நாடு

மத்திய அமெரிக்காவில், பசிபிக் பெருங்கடலின் கரையில் அமைந்த சிறு நாடு எல் சால்வடார். எரிமலைகளும் காப்பித் தோட்டங்களும் நிறைந்த அந்நாட்டில், நிலம் நெடுங்காலமாகச் சில குடும்பத்தாரின் கையிலேயே இருந்தது. உழைப்போர் வறுமையில் உழன்றனர். உரிமை வேண்டிக் குரல் எழுப்பியோரைப் படையினர் ஒடுக்கினர். 1980 ஆம் ஆண்டளவில் மூண்ட உள்நாட்டுப் போர் 12 ஆண்டுகள் நீடித்தது. ஏறத்தாழ 75,000 மக்கள் அதில் உயிரிழந்தனர். ஊரையும் உறவையும் துறந்து அயல்நாடுகளில் புகலிடம் தேடியோர் பல இலட்சம்.

கிளர்ச்சியாளர் வெற்றி பெற்றால் அந்நாட்டில் பொதுவுடைமை ஆட்சி ஏற்படும் என்று அமெரிக்க அரசு அஞ்சிற்று. ஆதலின், எல் சால்வடாரின் படைக்குப் பொருளும் படைக்கலமும் பயிற்சியும் ஆண்டுதோறும் அளித்து வந்தது. அப்பொருளின் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டமன்றமாகிய காங்கிரஸின் ஒப்புதல் பெற்றே வழங்கப்பட்டது.

அந்நாட்டின் தலைநகராகிய சான் சால்வடாரில் இயேசு சபைத் துறவியர் நடத்திய பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் சேர்ந்திருந்த சபையே இச்சபை. அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் இக்னாசியோ எல்லாகுரியா என்பவர். அவருடன் இருந்த மார்ட்டின் பாரோ என்பவர், மக்களின் கருத்துகளைக் கேட்டறிந்து தொகுத்து வெளியிட்டார். செகுந்தோ மோந்தெஸ் என்பவர், போரால் ஊரை இழந்தோரின் நிலையை ஆராய்ந்து எழுதினார். போரினால் எத்தரப்பும் வெல்லாது. இரு தரப்பினரும் அமர்ந்து பேசி உடன்பாடு காண்பதே வழி என்பது இவர்களுடைய கொள்கை. இக்கொள்கை படைத்தலைவர் பலருக்குக் கசந்தது. துறவியரே கிளர்ச்சியாளரின் மூளை என்று அவர்கள் தூற்றினர்.

1989 நவம்பர் 11 அன்று கிளர்ச்சியாளர் தலைநகரின் மீது பெருந்தாக்குதல் தொடங்கினர். நகரெங்கும் படையினர் காவல் நின்றனர். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 16 அன்று விடியுமுன், பல்கலைக்கழக வளாகத்தினுள் ஆயுதம் தாங்கிய சிலர் புகுந்தனர். எல்லாகுரியா உள்ளிட்ட ஆறு துறவியரைச் சுட்டுக் கொன்றனர். வெளியே குண்டுச் சத்தம் மிகுந்திருந்தமையால் அன்றிரவு அங்கே அடைக்கலம் புகுந்திருந்த பணிப்பெண் ஒருவரையும், இளம்பெண்ணாகிய அவர் மகளையும் அவர்கள் விட்டுவைத்தார்கள் அல்லர். பணிப்பெண்ணின் கணவர் அவ்வளாகத்தின் தோட்டக்காரர். உயிர்கள் பறிக்கப்பட்ட அப்புல்வெளியில் அவர் பின்னாளில் ரோசாச் செடிகளை நட்டு வளர்த்தார்.

கொன்றவர் கிளர்ச்சியாளரே என்று படைத்தரப்பினர் கூறினர். கிளர்ச்சியாளர் கையாளும் வகைத் துப்பாக்கியையே கொலைஞர் பயன்படுத்தியிருந்தனர். கிளர்ச்சியாளர் எழுதியதுபோல் ஓர் அறிவிப்பையும் அங்கே எழுதி வைத்திருந்தனர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சி இவ்வாறு தொடங்கிற்று.

மோக்லி என்னும் மனிதர்

ஜோ மோக்லி 1927 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் தென்பகுதியில், உழைப்பாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், உரிய வயது நிரம்பு முன்னரே கடற்படையில் சேர்ந்தார். பின்னர்ச் சட்டம் பயின்றார். மாநிலச் சட்டமன்றத்தில் பணியாற்றிய பின்னர், 1973 முதல் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினரானார். தம் தொகுதி மக்களின் வீடு, வேலை, சாலை, மருத்துவம் ஆகியவற்றைக் கவனிப்பதே அவர் வழக்கம். அயல்நாட்டு அலுவல்களில் வல்லுநர் என்று அவரை எவரும் கருதியதில்லை.

ஆயினும், 1980களின் தொடக்கத்தில் தொகுதி மக்கள் சிலர் அவரிடம் ஒரு குறையைக் கொண்டு வந்தனர். எல் சால்வடாரிலிருந்து தப்பி வந்த ஏழை மக்களை அமெரிக்க அரசு பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. திரும்பிச் செல்வோருக்கு அங்கே உயிர்க்கு உறுதி இல்லை என்பதே அக்குறை. மோக்லி அதனைச் செவிமடுத்தார். அம்மக்களைத் தற்காலிகமாகவேனும் காத்தல் வேண்டும் என்று சட்ட முன்வடிவு கொண்டு வந்தார். பல்லாண்டு முயன்று, 1990 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் அப்பாதுகாப்பு இடம்பெறச் செய்தார். தொகுதி மக்களின் குறை கேட்கத் தொடங்கிய செவியே, நாளடைவில் தொலைநாட்டின் துயரையும் கேட்கலாயிற்று.

துறவியர் கொலையுண்ட செய்தி அமெரிக்காவில் பெருங்கலக்கத்தை விளைத்தது. 1989 டிசம்பரில் சபாநாயகர் தாமஸ் ஃபோலி, அக்கொலை பற்றிய புலனாய்வு முறையாக நடைபெறுகின்றதா என்று கண்டறியத் தனிக்குழு ஒன்றை அமைத்தார். அதன் தலைவராக மோக்லியை நியமித்தார்.

ஆராய்ந்த முறை

இத்தகைய குழுவின் அதிகாரம் எத்தகையது என்பதைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அயல்நாட்டில் ஒருவரைச் சிறைப்பிடிக்க அதற்கு உரிமை இல்லை. சாட்சிக்கு அழைப்பாணை விடுக்க இயலாது. தீர்ப்புக் கூறவும் முடியாது. அந்நாட்டின் நீதிமன்றமே அவற்றுக்கு உரியது. குழுவிடம் இருந்த கருவிகள் கேள்வியும், ஏடும், எழுதுகோலுமே.

மோக்லி தம் உதவியாளராகிய ஜேம்ஸ் மக்கவர்ன் போன்றோருடன் எல் சால்வடாருக்குப் பன்முறை பயணம் மேற்கொண்டார். குடியரசுத் தலைவர் கிரிஸ்தியானியைக் கண்டார், படைத்தலைவர்களைக் கண்டார், வழக்கை விசாரித்த நீதிபதியையும், துறவியரின் தோழர்களையும், அமெரிக்கத் தூதரக அதிகாரிகளையும் கண்டார். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூற்றோடு ஒப்பு நோக்கினார். விருந்தோம்புவோர் காட்ட விரும்புவதை மட்டும் கண்டு திரும்புதல் அயல்நாடு செல்லும் உறுப்பினர்க்கு எளிது. மோக்லி குழுவினரோ, காட்டப்படாதது யாது என்று தேடினர்.

1990 சனவரியில் வழக்கில் ஒரு திருப்பம் நேர்ந்தது. படையினரே கொலை செய்தனர் என்ற செய்தி, அமெரிக்கப் படை அதிகாரி ஒருவர் வாயிலாக வெளிப்பட்டது. அதன் பின்னர்க் குடியரசுத் தலைவர் கிரிஸ்தியானி அதனை ஒப்புக்கொண்டார். படைப்பள்ளியின் தலைவராகிய கர்னல் பெனவிதெஸும் மற்றும் எண்மரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். கொலை செய்தோர் அட்லகாட்ல் என்னும் சிறப்புப் பட்டாளத்தைச் சார்ந்தவர். அப்பட்டாளம் அமெரிக்கரிடம் பயிற்சி பெற்றது.

ஒன்பதின்மர் பெயர் வெளிவந்ததும் வழக்கு முடிந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். மோக்லி அவ்வாறு எண்ணவில்லை. 1990 ஏப்ரல் 30 அன்று அவருடைய குழு இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. சுட்டவர் யார் என்று கேட்டோர், சுடுமாறு ஏவியவர் யார் என்று கேட்கவில்லை. புலனாய்வு நடுவழியில் நின்றுவிட்டது என்று அவ்வறிக்கை எடுத்துரைத்தது. மேலும், இக்கொலை ஒரு சிலரின் தனிப்பட்ட வெறிச்செயல் மட்டுமன்று. குற்றம் செய்த அதிகாரியைக் காப்பதையே வழக்கமாகக் கொண்ட படையின் அமைப்பிலேயே நோய் உள்ளது என்றும் அது கூறிற்று.

அறிக்கை தன் நாட்டவரையும் விடவில்லை. படையினரைக் கண்ணுற்றதாகக் கூறிய பெண் ஒருவர், பாதுகாப்பிற்காக அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார். அங்கே அவரை அமெரிக்கப் புலனாய்வு அதிகாரிகள், எல் சால்வடார்ப் படை அதிகாரி ஒருவரை உடன் வைத்துக்கொண்டே பல நாள் துருவித் துருவி வினவினர். அஞ்சிய அப்பெண் தாம் கூறியதை மறுத்துரைக்கும் நிலைக்கு ஆளானார். சாட்சியைக் காக்க வேண்டியவரே சாட்சியைக் கலங்கச் செய்தமையை அறிக்கை கண்டித்தது. பிறர் குற்றம் ஆராயப் புகுந்தவர் தம் வீட்டுக் குற்றத்தையும் மறையாது உரைத்தல் நேர்மைக்கு முதல் அடையாளம் அன்றோ?

எல் சால்வடாரிலோ தடைகள் பெருகின. படைப்பள்ளியின் வருகைப் பதிவேடுகள் எரிக்கப்பட்டு மறைந்தன. சாட்சி கூற வந்த வீரர்கள், ஒன்றும் அறியோம் என்றே உரைத்தனர். 1990 ஆகஸ்டில் மோக்லி, படையின் உயர் தலைமையே நீதிக்குத் தடை விளைக்கின்றது என்று வெளிப்படையாக அறிவித்தார். நட்பு நாட்டின் படைத்தலைமையை ஓர் அமெரிக்க உறுப்பினர் இவ்வாறு கடிந்துரைத்தல் அந்நாளில் எளிய செயல் அன்று.

பொருளும் பொறுப்பும்

சொல்லுக்கு வலிமை தருவது செயல். மோக்லிக்குச் சிறைச்சாலையின் திறவுகோல் இல்லை. ஆயினும் கருவூலத்தின் திறவுகோலில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்க அரசியற் சட்டத்தின்படி, காங்கிரஸ் சட்டத்தால் ஒதுக்காத பொருளை அரசு செலவிடல் இயலாது. 1990 ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரஸ், எல் சால்வடாருக்கு ஒதுக்கப்பட்ட 8 கோடியே 50 இலட்சம் டாலர் படை உதவியுள் சரிபாதியை நிறுத்தி வைத்தது. துறவியர் கொலையை அரசு முறையாக ஆராயாவிடில், எஞ்சிய உதவியும் நிற்கும். கிளர்ச்சியாளர் பேச்சுக்கு உடன்படாது போரை வளர்ப்பின், நிறுத்திய பொருள் திரும்ப வழங்கப்படும் என்று அச்சட்டம் இரு தரப்பினருக்கும் எல்லை வகுத்தது. 1991 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அப்பொருளை விடுவிக்க ஆணையிட்டார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆயினும், அமெரிக்காவின் பை என்றும் திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கை, எல் சால்வடார்ப் படைத்தலைவரிடையே தளர்ந்தது.

1991 செப்டம்பரில் வழக்குத் தீர்ப்பாயிற்று. கர்னல் பெனவிதெஸும் லெப்டினன்ட் ஒருவரும் கொலைக் குற்றவாளிகள் என முடிவு செய்யப்பட்டனர். கொலைக்காக ஓர் உயர் அதிகாரி அந்நாட்டு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது பெருஞ்செய்தியே. ஆயினும், துப்பாக்கியை இயக்கியவர் விடுதலை பெற்றனர். ஏவியவர் கூண்டில் ஏறவே இல்லை. அவ்வாண்டு நவம்பரில் மோக்லி மீண்டும் ஓர் அறிக்கை வெளியிட்டார். கொலைக்கு முன்னாள் மாலையில் உயர் படை அதிகாரிகள் சிலர் படைப்பள்ளியில் கூடி அம்முடிவை மேற்கொண்டனர் என்று தமக்குக் கிடைத்த செய்தியை, அதில் எண்ணப்பட்ட அதிகாரிகளின் பெயர்களோடு வெளியிட்டார்.

1992 சனவரி 16 அன்று மெக்சிகோ நாட்டின் சாபுல்டெபெக் என்னுமிடத்தில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போர் ஓய்ந்தது. போரில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் உண்மை காணும் ஆணையம் அமைந்தது. 1993 மார்ச் 15 அன்று அது தன் அறிக்கையை வெளியிட்டது. எல்லாகுரியாவைக் கொல்லுமாறும், கண்டவர் எவரையும் விட்டுவைக்க வேண்டாவென்றும் பெனவிதெஸுக்கு ஆணையிட்டவர், அந்நாளில் கர்னலாயிருந்த போன்சே என்னும் படைத்தலைவரே என்று அவ்வாணையம் முடிவு கூறிற்று. ஏவியவர் மேலே உள்ளார் என்று மோக்லி பன்முறை கூறியது மெய்யாயிற்று.

நீதியின் நீண்ட வழி

எனினும், உண்மை வெளிப்பட்ட அளவில் நீதி கிடைத்துவிடவில்லை. ஆணையத்தின் அறிக்கை வெளிவந்த ஐந்தாம் நாளே, எல் சால்வடாரின் சட்டமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. சிறையிலிருந்த பெனவிதெஸும் மற்றவரும் விடுதலை பெற்றனர். மோக்லி 2001 ஆம் ஆண்டு மே 28 அன்று குருதிப் புற்றுநோயால் இறந்தார். ஏவியவருள் ஒருவரேனும் தண்டனை பெற்றதை அவர் காணவில்லை.

ஆனால் எழுதப்பட்ட ஏடு அழியவில்லை. 2016 ஆம் ஆண்டில் எல் சால்வடாரின் உச்ச நீதிமன்றம் அம்மன்னிப்புச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கொலையுண்ட துறவியருள் ஐவர் ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர். ஆதலின் அந்நாட்டு நீதிமன்றமும் இவ்வழக்கை ஏற்றது. எல் சால்வடாரின் பொதுப் பாதுகாப்புத் துணை அமைச்சராயிருந்த கர்னல் மோந்தானோ என்பவரை, அமெரிக்க அரசு 2017 ஆம் ஆண்டில் ஸ்பெயினிடம் ஒப்படைத்தது. 2020 செப்டம்பரில் மாட்ரிட் நகர நீதிமன்றம், ஐவர் கொலைக்கும் அவரைப் பொறுப்பாளியாக்கி, 133 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கொலை நிகழ்ந்து அப்பொழுது 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. மோக்லியின் உதவியாளராயிருந்த மக்கவர்ன், 1996 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று தாமும் பிரதிநிதிகள் சபையில் இடம்பெற்றார். மனித உரிமைப் பணியைத் தொடர்ந்தார்.

உறுப்பினரால் இயல்வது யாது?

இவ்வரலாற்றினால் பெறப்படுவன சில. பிற நாட்டுக் கொடுமையை ஆராய ஓர் உறுப்பினருக்கு உரிமை ஏது என்பது முதல் வினா. 1948 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலக மனித உரிமைச் சாற்றுரை, உயிர் வாழும் உரிமை எந்நாட்டவர்க்கும் உண்டு என்று கூறுகின்றது. ஆயினும் மோக்லியின் உரிமைக்கு அதனினும் நெருங்கிய காரணம் ஒன்று இருந்தது. கொன்ற படைக்குப் பொருள் தந்தவர் அமெரிக்கக் குடிமக்கள். அப்பொருளை ஒதுக்கியவர் அவர்தம் உறுப்பினர். பொருள் தந்த கை, அப்பொருள் செய்ததை அறியாது ஒதுங்கி நிற்றல் அறமாகாது. தன் பங்கு கலந்த செயலைப் பற்றி வினவுதல், பிறர் வீட்டில் தலையிடுதல் ஆகாது. தன் கணக்கைத் தானே சரிபார்த்தலாகும்.

அக்கடமையை ஆற்றும் முறை இரண்டாவது. மோக்லிக்கு முன்பே, 1973 ஆம் ஆண்டில் டொனால்டு ஃபிரேசர் என்னும் உறுப்பினர், பிற நாடுகளின் மனித உரிமை நிலை குறித்துக் காங்கிரஸில் தொடர் விசாரணைகள் நடத்தினார். அதன் பயனாகச் சட்டங்கள் தோன்றின. அமெரிக்க உதவி பெறும் நாடுகளின் நிலை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அளிக்கும் முறையும் ஏற்பட்டது. நேரிற் காணுதல், சாட்சிகளைக் கேட்டல், கண்டதை எழுதி வெளியிடல், பொருளுதவியை நெறிப்படுத்தல் என்னும் நான்கும் உறுப்பினரின் கருவிகள் ஆகும். இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை வலியிழக்கும். காணாது எழுதினால் நம்புவார் இல்லை. எழுதாது விட்டால் அறிவார் இல்லை. பொருளைப் பற்றிப் பேசாவிடின் அஞ்சுவார் இல்லை.

உறுப்பினரால் இயலாதது யாது என்பது மூன்றாவது. இறந்தாரை அவர் மீட்க இயலாது. நீதிபதியின் இருக்கையில் அவர் அமர இயலாது. வெளிப்படுத்திய உண்மையை உடனே நீதியாக்கவும் அவரால் முடியாது. அவர் செய்யத்தக்கது, உண்மை புதைந்து போகாதவாறு காத்தலே. நீதி வரும் நாளில் அதற்கு வழிகாட்ட ஓர் ஏடு எஞ்சியிருத்தல் வேண்டும். அவ்வேட்டை எழுதுதல் உறுப்பினரின் கடமை.

மோக்லி பெரும் புலமையாளர் அல்லர். பன்மொழி வல்லாரும் அல்லர். தம் தொகுதியின் தெருவில் ஒரு குறையைக் கேட்டால் எவ்வாறு விடாது வினவுவாரோ, அவ்வாறே ஈராயிரம் மைலுக்கு அப்பாலும் வினவினார். சுட்டவர் யார் என்பதோடு நில்லாது, ஏவியவர் யார் என்று கேட்டார். விடை மறுக்கப்பட்டபோது மீண்டும் கேட்டார். மக்களின் வாக்கைப் பெற்று மன்றம் புகுவோர் யாவர்க்கும் உரிய கடமை இதுவே.